மழைக்கு ஒதுங்க இடம் இருக்கிறதா? ஒரு வடசேரி வீட்டின் முன்னால் நான்கு வழிகள்

நாகர்கோவிலில் உள்ள எங்கள் வடசேரி வீட்டை என்ன செய்வது என்று மூன்று ஓணமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஓணத்துக்குத்தான் அண்ணன் மஸ்கட்டிலிருந்து வருவார். அக்காவும் மார்த்தாண்டத்திலிருந்து வந்து இரண்டு நாள் நிற்பாள். சாப்பிட்டு இலை எடுத்ததும் பேச்சு வீட்டுக்கு வந்துவிடும். எட்டு சென்ட் இடம். அதில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு. தெருவைப் பார்த்து நீளத் திண்ணை, உள்ளே சின்னதாக ஒரு முற்றம், ஆஞ்சிலி உத்திரம், அதன் மேல் மரத் தட்டு, அடுக்களைக்குப் பின்னால் கிணறு. கக்கூஸ் கிணற்றையும் தாண்டி, புறவாசலின் கடைசியில்.

அம்மைக்கு இதை இடித்துவிட்டு டெரஸ் வீடு கட்ட வேண்டும். அண்ணனுக்கு இதை அப்படியே பழுது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். புரமோட்டரிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு ஆளுக்கொரு ஃபிளாட் வாங்கிக்கொள்ளலாம் என்பது அக்காவின் கணக்கு. எனக்கு நான்காவதாக ஒரு யோசனை இருந்தது. ஆனால் அது சரிதானா என்று எனக்கே தெளிவில்லாமல், இரண்டு வருடமாகப் படித்தும் ஊர் ஊராகப் பார்த்தும் எழுதி வைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

இது எங்கள் குடும்பத்தோடு முடிகிற விஷயம் என்று நான் நினைக்கவில்லை. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. 2011 கணக்கெடுப்பிலேயே குமரி மாவட்ட மக்களில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறத்தில் வாழ்பவர்கள். ஆனால் இந்த நகரத்தை யாரும் வரைந்து கட்டவில்லை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரைக்கும் பஸ்ஸில் போனால், எந்த இடத்தில் ஊர் முடிந்து எந்த இடத்தில் அடுத்த ஊர் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வீடு, விளை, கடை, வீடு, கோயில், சர்ச், மறுபடி வீடு. ஐந்து சென்ட் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் தான் கட்டும் வீட்டால் நகரத்தின் ஒரு துண்டை முடிவு செய்கிறது. ஆகவே நவீனக் கட்டடக்கலை நகரங்களை வாழ இனிய இடமாக்குகிறதா என்ற கேள்வி, எங்களைப் பொறுத்தவரை, முன்வாசலில் என்ன கட்டுகிறோம் என்ற கேள்விதான்.

அளந்து பார்க்க எனக்கு ஒரு கோல் கிடைத்தது. படிக்காதவனைப் பற்றி நம் ஆட்கள், ‘மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்’ என்று சொல்வார்கள். அந்தச் சொலவடைக்குள் ஒரு கட்டடக்கலை இருக்கிறது. பள்ளிக்கூடம் என்றால் அதற்குத் தாழ்ந்த இறவாரமும் ஒரு வராந்தாவும் இருக்கும். போகிற வருகிற யாரும் யாரையும் கேட்காமல் அங்கே ஒதுங்கலாம் என்பது அதில் தானாகவே அடங்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. திடீரென்று மழை பிடித்தால் இந்தத் தெருவில் ஒதுங்க எத்தனை இடம் இருக்கிறது? நான் பார்த்த ஒவ்வொரு கட்டடத்தையும் இதை வைத்தே பார்த்தேன்.

அம்மையின் டெரஸ் வீடு

முதலில் அம்மையின் கட்சி. பழைய வீட்டின் அழகைப் பேசுகிறவர்களில் பலர் அதைப் பெருக்கித் துடைத்தவர்கள் அல்ல. ‘மக்களே, அம்பது வருசம் இந்த ஓட்டுக்குக் கீழே சட்டி வச்சு மழைத்தண்ணி பிடிச்சவ நான். எனக்கு ஒழுகாத கூரையும் பக்கத்துல ஒரு கக்கூசும் போதும்’ என்று அம்மை சொன்னபோது அண்ணனால் பதில் சொல்ல முடியவில்லை. எழுபத்து நான்கு வயதில், இரவு இரண்டு மணிக்கு, ஈரமான கிணற்றங்கரையைத் தாண்டி நடப்பது என்றால் என்ன என்று அவளுக்குத்தான் தெரியும்.

நவீனக் கட்டடக்கலை பிறந்ததும் இந்த மாதிரித் துன்பத்திலிருந்துதான். முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் தொழிலாளிகள் வெளிச்சம் நுழையாத, ஈரம் கசியும் அறைகளில் காசநோயோடு நெருங்கிக் கிடந்தார்கள். எல்லாருக்கும் வெயில், காற்று, சுத்தம் என்பதுதான் புதிய கட்டடக்காரர்களின் வாக்குறுதி. அலங்காரம் வேண்டாம், கான்கிரீட், இரும்பு, கண்ணாடி போதும், எல்லாருக்கும் ஒரே மாதிரி, மலிவாக. ஜெர்மனியில் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தது. 1933-இல் நாஜிகளின் நெருக்கடியில் அது மூடப்பட்ட பிறகு, அங்கே இருந்தவர்கள் பல நாடுகளுக்கும் அதைக் கொண்டுபோனார்கள்.

இந்த மண்ணில் அந்த வாக்குறுதிக்கு இன்னொரு எடையும் உண்டு. தென் திருவிதாங்கூரில் நாடார் முதலிய சமூகத்தவர்கள் மாடி வைத்து வீடு கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்றெல்லாம் தடை இருந்தது. மேலாடை அணியும் உரிமைக்கே பல பத்தாண்டுகள் போராடி 1859-இல்தான் அரசாணை வந்தது. வீட்டின் உயரத்தையும் கூரையையும் பார்த்து உள்ளே இருப்பவன் யாரென்று சொல்லிவிடலாம் என்ற நிலை நூற்றாண்டுகளாக நின்றது. இரண்டு மாடி கான்கிரீட் வீட்டைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியாது. வளைகுடாப் பணத்திலோ ஆசிரியர் சம்பளத்திலோ கட்டிய ஒரு டெரஸ் வீட்டின் முன் நின்று ‘அழகே இல்லை’ என்று சொல்லும் முன் இதை நினைக்க வேண்டும். பழமையின் இனிமை எல்லாருக்கும் கிடைத்த இனிமை இல்லை.

சரி, அப்படியானால் டெரஸ் வீட்டையே கட்டிவிடலாமே? காண்ட்ராக்டர் கொண்டுவந்த படத்தில் வீடு வெள்ளைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல இருந்தது. ‘பாக்ஸ் டைப் எலிவேஷன், இப்போ எல்லாரும் இதுதான் கேக்காங்க’ என்றார். சுவருக்கு வெளியே ஒரு சாண்கூட நீளாத கூரை. மேற்குப் பார்த்து ஆளுயரக் கண்ணாடி. தெருவோரம் ஆறடி மதில், இரும்பு கேட்.

அந்தத் தட்டைக் கூரையில்தான் சிக்கல். பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் லெ கோர்பூசியே பாரிஸுக்கு அருகே 1931-இல் கட்டி முடித்த வில்லா சவோய், உலகம் முழுவதும் மாணவர்கள் வரைந்து பழகும் வீடு. அந்த வீட்டிலேயே மழை ஒழுகியது. வீட்டுக்காரர்கள் அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். அங்கேயே அப்படியென்றால், ஆனியிலும் ஐப்பசியிலும் கொட்டுகிற இங்கே? இரண்டாவது, வெயில். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு இரவு பத்து மணிக்குமேல் அதைக் கீழே இறக்குகிறது. நாம் படுக்கிற நேரம் அது. உள்ளூர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வேர்வை காய்வதற்கு உடம்பின் மேல் காற்று ஓட வேண்டும். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் மூடிய சுவர் என்றால் காற்று எங்கே ஓடும்? ஏசிதான்.

இதற்கு நம் ஊர்க்காரர்களே ஒரு விடை கண்டுபிடித்திருக்கிறார்கள். வடசேரி, வெட்டூர்ணிமடம், பார்வதிபுரம், எங்கே மாடியில் ஏறி நின்று பார்த்தாலும் தெரியும். டெரஸ் கட்டி ஐந்தாறு வருடத்தில் அதன் மேல் இரும்புச் சட்டம் அடித்து, இரண்டு பக்கமும் சரிந்த ஷீட் போட்டுவிடுகிறார்கள். ஒழுகலும் நிற்கிறது, கீழே சூடும் குறைகிறது, துணி காயப்போடவும் நெல்லோ மிளகாயோ உலர்த்தவும் இடம் கிடைக்கிறது. அதாவது, இடித்துத் தள்ளிய சாய்கூரையைத் தனியாகக் காசு கொடுத்து மறுபடி வாங்குகிறோம். இதைப் பார்த்த பிறகு, மண்ணும் மழையும் கேட்பது எதை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாமல் போனது.

சண்டிகரில் மரம்தான் ஜெயித்தது

வீட்டளவில் சரி, ஒரு முழு நகரத்தையே நவீனமாகக் கட்டினால் என்ன ஆகும்? அதற்கு இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. பிரிவினைக்குப் பின் பஞ்சாபுக்குத் தலைநகர் வேண்டும் என்று நேரு முனைந்து கட்டிய சண்டிகர். லெ கோர்பூசியேவும் அவருடைய உறவினர் பியர் ஜான்னரேயும் மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் டிரூ தம்பதியும் சேர்ந்து செய்தது. 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்ற அளவில் செக்டர்கள்; ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே கடை, பள்ளி, பூங்கா. வேலைக்காகச் சில ஆண்டுகள் அங்கே இருந்த என் நண்பர் குடும்பம் இன்னும் அந்த ஊரைச் சொல்லி ஏங்குகிறது. காலையில் நடக்கலாம், மரநிழல் இருக்கிறது, குழந்தையைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பலாம் என்கிறார்கள்.

அவர்கள் சொன்ன இனிமைகளை எழுதிப் பார்த்தேன். கட்டடம் அதில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மரமும் நிழலும் தூரம் குறைந்த பள்ளியும். எந்தச் சாலையில் எந்த மரம் என்று பார்த்துப் பார்த்து நட வைத்தவர்களில் முதன்மையானவர் எம். எஸ். ரந்தாவா என்ற அதிகாரி. அவர் ஒரு தாவரவியல் அறிஞரும்கூட. யுனெஸ்கோ 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த, சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உயர்நீதிமன்றமும் உள்ள கேபிடல் வளாகம் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் நடுவே இருக்கும் அகண்ட கான்கிரீட் வெளியில் மே மாத மதியத்தில் யாரும் நிற்க முடியாது. 17-ஆம் செக்டர் கடைவீதியில் தூண்கள் தாங்கிய நீள வராந்தா உண்டு. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கலாம், ஆகவே அங்கே ஆள்கூட்டம் உண்டு. அப்புறம், அந்த ஊருக்குப் போகிறவர்கள் தவறாமல் பார்க்கும் இடம் எது தெரியுமா? சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த பீங்கானையும் கட்டடக் கழிவையும் சேர்த்து, அரசுக்குத் தெரியாமல் பல வருடம் ஒளித்துக் கட்டிய பாறைத் தோட்டம். 1976-இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. நேர்கோடே இல்லாத இடம் அது.

பிரேசிலின் புதிய தலைநகர் பிரசீலியாவும் 1960-இல் இதே நம்பிக்கையில் திறக்கப்பட்டது. தூண்களின் மேல் நிற்கும் ஆறு மாடி வீடுகள், அடியில் நடக்க இடம், சுற்றிலும் மரம் என்ற அதன் குடியிருப்புப் பகுதிகளை அங்குள்ளவர்கள் விரும்புகிறார்கள். ஆனால் கார் இல்லாதவனுக்கு அந்த நகரம் பெரிய பாலைவெளி. நகரைக் கட்டிய கூலிக்காரர்களுக்கு அதற்குள் இடம் கிடைக்கவில்லை. தள்ளி உள்ள துணை நகரங்களுக்குப் போனார்கள். வரைபடத்தில் இல்லாதவர்களுக்கு இனிமை இல்லை.

அக்காவின் ஃபிளாட்

அக்காவின் கணக்கில் நியாயம் இருக்கிறது. எட்டு சென்டில் ஒரு குடும்பம் இருப்பதைவிட எட்டுக் குடும்பம் இருந்தால், வயலும் குளமும் அந்த அளவுக்குத் தப்பிக்கும். இந்த மாவட்டத்தில் நெல்வயல் சுருங்கியதற்கு நம் தனி வீட்டு ஆசையும் ஒரு காரணம்தான்.

மாடிக் குடியிருப்பு என்றதும் எல்லாரும் அமெரிக்காவின் புரூயிட்-ஐகோவைச் சொல்வார்கள். செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களின் நடுவில் கட்டி முடித்த 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். நவீனக் கட்டடக்கலை செத்த நாள் என்றுகூட அதைச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்த ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. வேலைகள் நகரத்தை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. கறுப்பினத்தவரை ஒதுக்கி வைக்கும் வழக்கம் இருந்தது. ஏழைகளின் வாடகையிலிருந்தே பராமரிப்புக்குப் பணம் எடுக்கச் சொன்னார்கள். சிக்கனத்துக்காக லிஃப்ட் மூன்று மாடிக்கு ஒருமுறைதான் நின்றது. 1970-களில் கட்டத் தொடங்கிய வியன்னாவின் ஆல்ட் எர்லா குடியிருப்பும் அதே கான்கிரீட்தான். சுமார் 3,200 வீடுகள், மொட்டைமாடியில் நீச்சல்குளம், பால்கனிதோறும் பெரிய பூந்தொட்டி. அங்கே குடியிருப்பவர்கள் வெளியே போக மனமில்லாமல் இருக்கிறார்கள்.

நமக்கு இன்னும் பக்கத்துச் சாட்சி சிங்கப்பூர். அங்கே பத்துப் பேரில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் 1960-இல் தொடங்கிய வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். பெரும்பாலானவை நேர்கோட்டுக் கான்கிரீட் கட்டடங்கள்தான். ஆனால் பல கட்டடங்களின் தரைத்தளத்தை வீடு எதுவும் வைக்காமல் திறந்து விட்டார்கள். அங்கே தாத்தாக்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள், மலாய்க் கல்யாணம் நடக்கிறது, சீனர் வீட்டுச் சாவுக்கு அங்கேதான் பந்தல். கட்டடத்திலிருந்து பஸ் நிறுத்தம் வரை கூரை போட்ட நடைபாதை. மழைக்கு ஒதுங்குவதை அவர்கள் அரசு வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னாலேயே, 1822-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், கடைகளுக்கு முன்னால் தொடர்ச்சியாக மூடிய நடைவழி விட வேண்டும் என்று விதி இருந்தது. ‘அஞ்சடி’ என்று அந்நாட்டுத் தமிழர்கள் சொல்வது அதைத்தான்.

அக்கா பார்த்து வைத்திருந்த குடியிருப்புக்கு நானும் போனேன். உள்ளே வீடு நன்றாகவே இருந்தது: நல்ல குளியலறை, லிஃப்ட், வெளிச்சம். அம்மைக்கு எல்லா வசதியும். ஆனால் தரைத்தளம் முழுக்க கார் நிறுத்தம். அங்கே வைத்து அம்மை ஒரு கேள்வி கேட்டாள்: ‘இங்க ஒரு சாவு நடந்தா எங்க கிடத்துவாங்க?’ கூட வந்த விற்பனையாளர் பையனால் பதில் சொல்ல முடியவில்லை. நாங்களும் பேசாமல் திரும்பினோம். வரும் வழியில் அக்காதான் சொன்னாள், ‘அம்மைக்கு இது ஒத்து வராது’ என்று. அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது. ஒரு காலியான தரைத்தளத்தை விற்க முடியாது என்பதால் யாரும் அதைக் கட்டுவதில்லை. அது இருந்திருந்தால் ஃபிளாட்தான் இந்த நான்கில் நல்ல வழி என்று ஒருவேளை எழுதியிருப்பேன்.

அண்ணன் கேட்ட பழைய வீடு

அண்ணனுக்குப் பதில் சொல்ல பத்மநாபபுரத்துக்கே போக வேண்டும். தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அரண்மனை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். சித்திரை வெயிலில் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்து, மந்திரசாலை மாடியில் ஏறிப் பாருங்கள். சுற்றிலும் சாய்த்து அடித்த மரச்சட்டங்கள். காற்று வருகிறது, வெயில் வரவில்லை, மழைச்சாரலும் வராது. பளபளக்கும் கருந்தரையில் கால் வைத்தால் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். கூரை ஆளுயரத்துக்குத் தாழ்ந்து வந்து சுவரை முழுக்க நிழலில் வைத்திருக்கிறது. குமரியின் மழையையும் வெயிலையும் இவ்வளவு புரிந்துகொண்ட வேறு கட்டடத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அதற்குப் பின்னால் ஒரு அரசுத் துறை இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? உத்திரத்தில் கரையான். ஓடு மாற்றத் தெரிந்த ஆசாரி கிடைப்பதற்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது கூரையில் பாதி ஓடு பறந்து, பக்கத்து வீட்டுத் தென்னை அடுக்களை மேல் விழுந்தது. அந்த இரவு நானும் அம்மையும் எதிர்த்த டெரஸ் வீட்டில்தான் இருந்தோம். கதவைத் திறந்து எங்களை உள்ளே கூப்பிட்ட அந்த வீட்டுக்காரம்மாவின் கான்கிரீட் கூரையை நான் எப்படிக் குறை சொல்வேன்? நடு அறைகள் பகலிலும் இருட்டு. முற்றத்தைச் சுற்றி வழுக்கல். பழைய வீட்டை அப்படியே வைத்துக்கொள்வது, வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போகிற அண்ணனுக்கு இனிமை. மீதி பதினொரு மாதமும் அம்மைக்குச் சுமை. அவரிடமே இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘கதவையும் தூணையும் மட்டும் விக்கக்கூடாது’ என்றார்.

நான்காவது

புதிதாகக் கான்கிரீட்டிலேயே கட்டுவது, ஆனால் பழைய வீட்டின் அறிவோடு கட்டுவது என்பதுதான் என் யோசனை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி ஒன்று இருக்கிறது, கோல்கொண்டா என்று பெயர். 1930-களின் கடைசியில் தொடங்கிய வேலை. கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வரைந்தார், இளைஞராக இருந்த ஜார்ஜ் நகஷிமா கூடவே தங்கிக் கட்டினார். இந்தியாவின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று. அலங்காரம் துளியும் இல்லை, முழு நவீனம். ஆனால் வடக்கும் தெற்கும் சுவருக்குப் பதிலாக, திருப்பித் திறக்கிற கிடைச்சட்டங்கள். அறைக்கும் நடைக்கும் நடுவே காற்று புகும் தேக்குச் சறுக்குக் கதவு. இரு பக்கமும் தோட்டம். தட்டைக் கூரைக்கு மேல் இடைவெளி விட்டு, வளைந்த கான்கிரீட் ஓடுகளால் இரண்டாவது கூரை. நம் ஆட்கள் பின்னால் போடுகிற ஷீட்டை அவர்கள் முன்னாலேயே யோசித்திருக்கிறார்கள். வங்கக் கடற்கரையின் வேக்காட்டில், ஏசி இல்லாமல், இன்றும் அது ஓடுகிறது. பத்மநாபபுரத்தின் மந்திரசாலையும் கோல்கொண்டாவும் ஒரே அறிவு. ஒன்று மரத்தில், இன்னொன்று கான்கிரீட்டில்.

கான்கிரீட்டின் மேல் எனக்கு வெறுப்பு வராததற்கு மாத்தூர் தொட்டிப்பாலமும் காரணம். 1966-இல் கட்டியது, 28 தூண்கள், 115 அடி உயரம், பரளியாற்றுக்கு மேலாக ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. இந்த மாவட்டத்தில் நவீனம் எழுதிய மிக அழகான வரி அதுதான். தேவைக்கு மேல் ஒன்றும் இல்லை, தேவையில் குறையும் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் இரண்டு மணி நேரம். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் 2007-இல் இறக்கும் வரை வாழ்ந்து கட்டிய ஊர். பர்மிங்காமில் பிறந்து, 1989-இல் இந்தியக் குடிமகனானவர். உள்ளூரில் கிடைக்கும் செங்கல்லும் சுண்ணாம்பும் ஓடும் வைத்து அவர் கட்டிய வீடுகளில் இரண்டு விஷயம் எங்களுக்கு நேராகப் பொருந்தியது. ஒன்று, செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. கிட்டத்தட்ட கால்பங்கு செங்கல் மிச்சம். நடுவில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கிறது. இன்னொன்று, தளத்தின் அடிப்பாகத்தில் கான்கிரீட்டுக்கு வேலை இல்லாத இடங்களில் பழைய ஓடுகளைப் பதிப்பது. சிமென்டும் கம்பியும் குறைகின்றன. தாத்தாவின் ஓடுகள் எங்கேயும் போக வேண்டாம். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும்படி புதுத் தளத்துக்குள்ளேயே இருக்கலாம்.

இதிலும் குறை உண்டு. எலிப்பொறிக் கட்டு தெரிந்த கொத்தனார் நம் பக்கம் குறைவு. தெரியாதவர் செய்தால் ஈரம் இறங்கும். பூசாத செங்கல் சுவர் மழை அடிக்கும் பக்கத்தில் பாசி பிடிக்கும். துளை விட்டுக் கட்டும் சல்லடைச் சுவர் வைத்தால் காற்றோடு கொசுவும் வரும். வலை அடித்தால் காற்று பாதியாகும். வீடு குளச்சலிலோ முட்டத்திலோ கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பொரிந்து விழும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்; அங்கே கம்பிக்கு மேல் சிமென்ட் மூடல் தடிமனாக இல்லாவிட்டால் எந்த வடிவமும் உதவாது. வடசேரிக்கு அந்தத் தொல்லை குறைவு.

முடிவு எடுக்கும் முன் ஒரு சாயங்காலம் வடசேரியிலிருந்து மணிமேடை வழியாகக் கோட்டார் கம்போளம் என்ற பழைய சந்தை வரை நடந்தேன். ஐப்பசி மாதம், வேண்டுமென்றே குடை எடுக்கவில்லை. மணிமேடையைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துவிட்டது. வழவழப்பான கண்ணாடி முகப்புக் கடைகளின் முன்னால் நனைந்துகொண்டே நடந்தேன். படியேறினால் காவலாளி ‘உள்ள வாங்க சார்’ என்பார், ஆனால் வாங்க வருகிறவனுக்குத்தான் அந்த அழைப்பு. சேலை நனைந்த ஒரு அம்மாவும் புத்தகப் பையைத் தலையில் வைத்த இரண்டு பிள்ளைகளும் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோட்டாரை நெருங்கியதும் பழைய கடைகளின் இறவாரம் தொடங்கியது. மிளகு, கருப்பட்டி வாசனையோடு ஒரு கடையின் திண்ணையில் நாங்கள் எல்லாரும் நின்றோம். கடைக்காரர் சாக்கு மூட்டையை உள்ளே இழுத்து எங்களுக்கு இடம் விட்டார். யாரும் எதுவும் வாங்கவில்லை. ஒரு நகரம் வாழ இனிதா என்பது எனக்கு அந்தக் கால்மணி நேரத்தில் தெரிந்தது. உள்ளே இருப்பவனுக்குக் கட்டடம் என்ன தருகிறது என்பதை நவீனம் நன்றாகவே யோசித்தது. வெளியே நிற்பவனுக்கு என்ன தருகிறது என்பதை, பெரும்பாலும், யோசிக்காமல் விட்டது. இறவாரமும் திண்ணையும் அப்படித்தான் நம் தெருக்களிலிருந்து போயின.

அதனால் எங்கள் முடிவு இது. பழைய வீட்டை இறக்குகிறோம். கான்கிரீட் தூணும் உத்திரமும் வைத்த வீடு, ஒக்கி மாதிரி இன்னொன்று வந்தாலும் நிற்க வேண்டும் என்பதற்காக. கீழே அம்மைக்குக் கட்டிலிலிருந்து பத்தடிக்குள் கக்கூஸ், படி இல்லாத தரை. மாடி அக்காவுக்கு. ஓடு பதித்த தளத்துக்கு மேலே, இடைவெளி விட்டு, முதலிலேயே சாய்கூரை. சுவரைத் தாண்டி மூன்றடி நீளும். நடுவில் எட்டுக்கு எட்டு அடியில் ஒரு முற்றம். மேற்கே கண்ணாடி கிடையாது, ஒரு பலாக்கன்று. அண்ணன் கேட்ட கதவும் தூண்களும் முன்வாசலில். பெட்டி எலிவேஷனுக்குச் சொன்ன விலையைவிடக் கூரைக்குக் கொஞ்சம் கூடுகிறது. பின்னால் போடப்போகிற ஷீட் செலவைக் கழித்தால் பெரிய வித்தியாசம் இல்லை.

தெருப்பக்கம்தான் அதிகம் பேசினோம். வீடுகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பதற்காக வந்த விதி, முன்னால் இடம் விடச் சொல்கிறது. அந்த இடத்தை மதிலால் அடைப்பதுதான் எல்லாரும் செய்வது. நாங்கள் மதிலை இடுப்பளவுக்குக் குறைத்து, விட்ட இடத்தில் கூரை இல்லாத ஒரு கல் திண்ணை வைக்கிறோம். அதை ஒட்டி நிழலுக்கு ஒரு புங்க மரம். கேட்டுக்கு மேல் மட்டும் ஓடு வேய்ந்த சின்னப் படிப்புரை. மூன்று பேர் நெருங்கி நின்றால் நனையாது.

வரைபடத்தை இன்ஜினியர் தம்பி விரித்தபோது அம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

‘தம்பி, இந்தத் திண்ணை எவ்வளவு அகலம்?’

‘ரெண்டடி அம்மா.’

‘பத்தாது. மீன்காரி வந்தா குட்டையை எங்க இறக்கி வைப்பா? அவளும் உக்காரணும், குட்டையும் இருக்கணும்.’

அவர் பென்சிலால் இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். தை பிறந்ததும் கல் போடுகிறோம்.